அழைக்காமல் வருகிறவர்கள்

கூப்பிடாத வீட்டுக்குப் போகக் கூடாது என்பது நம் வீடுகளில் குழந்தைப் பருவத்திலேயே சொல்லித் தருகிற பாடம். கல்யாண வீடானாலும் அழைப்பு வேண்டும். அதுவும் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் போதாது. வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து கூப்பிட்டால்தான் அழைப்பு. சாவு வீட்டுக்கு மட்டுமே அழைக்காமல் போகலாம் என்று விதிவிலக்கு வைத்திருக்கிறோம். இதே மரியாதையை வைத்தியத்திலும் நாம் கடைப்பிடித்து வந்திருக்கிறோம். நோயாளி கூப்பிட வேண்டும், வைத்தியர் வர வேண்டும். அல்லது நோயாளி வைத்தியரைத் தேடிக்கொண்டு போக வேண்டும். யாரும் கூப்பிடாமல் ஒரு வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "உங்களுக்கு ஏதோ வியாதி இருக்கும் போலிருக்கிறதே, கையைக் கொடுங்கள், நாடி பார்க்கிறேன்" என்று ஒரு வைத்தியர் கேட்டிருந்தால், அவருக்குத்தான் ஏதோ கோளாறு என்று ஊரார் முடிவு கட்டியிருப்பார்கள்.

ஆனால், கூப்பிடாத வீட்டுக்குப் போவதையே உத்தியோகமாகக் கொண்ட ஒரு கூட்டம் நம்மிடையே இருக்கிறது. கர்ப்பிணிகளின் பெயர் எழுதிய பெரிய பதிவேட்டைச் சுமந்து வரும் கிராம சுகாதார நர்ஸ், சொட்டு மருந்துப் பெட்டியோடு வருகிறவர், கொசுப் புழு இருக்கிறதா என்று தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கிறவர், பிரஷர் பார்க்கும் கருவியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக நடக்கிற பெண் எல்லோரும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். துணை மருத்துவப் பணியாளர்கள் என்று இவர்களுக்கு ஒரு பொதுப் பெயர் உண்டு. 'துணை' என்றால் யாருக்குத் துணை, டாக்டருக்கா நோயாளிக்கா என்பதே ஒரு நல்ல கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி இன்னொன்று: அழைக்காத ஒருவர் இன்னொருவருடைய வீட்டுக்குள்ளும் உடம்புக்குள்ளும் நுழைய என்ன உரிமை இருக்கிறது? நல்லது செய்கிறேன் என்பது மட்டுமே போதுமான உரிமையாகுமா?

கதை எழுதுகிற எங்களுக்கு இவர்கள் கண்ணில் பட்டதே இல்லை. எங்கள் கதைகளில் ஆபரேஷன் அறையிலிருந்து டாக்டர் வருவார், கண்ணாடியைக் கழற்றுவார், "இருபத்துநாலு மணி நேரம் போனால்தான் சொல்ல முடியும்" என்பார். வாசகர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாரம்வரை காத்திருப்பார்கள். ஆறு மாதத்துக்கு முன்பே ஒரு நர்ஸ் வந்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தம் கம்மியாக இருக்கிறது, இந்த மாத்திரையைப் போடு" என்று சொல்லி, அந்தப் பெண்ணும் போட்டு, சுகமாகப் பிள்ளை பெற்றுவிட்டால் எங்களுக்குக் கதை ஏது? ஆபத்து வந்தபின் காப்பாற்றுகிறவனைப் பாடத் தெரிந்த நமக்கு, ஆபத்தே வராமல் பார்த்துக்கொள்கிறவரைப் பார்க்கவும் தெரியவில்லை.

நான் இவர்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது பெருமுக்கல் பக்கம் போனபோதுதான். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் இருக்கிற ஊர். மலையைப் பார்க்கத்தான் போயிருந்தேன். மலைமேல் பழைய சிவன் கோயில் இருக்கிறது, கல்வெட்டுகள் இருக்கின்றன, கோட்டை இருந்த சுவடு இருக்கிறது. 1760-ல் கூட் என்ற ஆங்கிலத் தளபதி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தக் கோட்டையைப் பிடித்தான் என்று சரித்திரம் எழுதியவர்கள் சிரத்தையாக எழுதி வைத்திருக்கிறார்கள். சீதையின் பெயரால் ஒரு குகையும் இங்கே உண்டு. சீதை என்றதும் எனக்கு வனத்தில் நடந்த அந்தப் பிரசவம் நினைவுக்கு வந்தது. ராஜ்யத்தை இழந்து, புருஷனால் கைவிடப்பட்டு, ஆசிரமத்தில் இருந்த பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று பிள்ளையை வாங்கிய கிழவிகள் யார்? லவனையும் குசனையும் தெரியாதவர்கள் கிடையாது. அந்தக் கிழவிகளின் பெயர் யாருக்குமே தெரியாது.

மலையடிவாரத்து ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். அப்போது, இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற பெண் ஒருத்தி தோள்பையோடு வந்தாள். வீடு தேடி மருந்து கொடுக்கிற தன்னார்வலர் அவள். அந்த வீட்டுக் கிழவிக்கு பிரஷரும் சுகரும் உண்டு.

"மாத்திரை போடுறியா, ஆயா?"

"போடாம என்னாம்மா? தெனம் போடுறேன்."

"எங்கே, அட்டையை எடுத்தா பாக்கலாம்."

கிழவி உள்ளே போய், சேலை மடித்து வைத்த டிரங்குப் பெட்டியிலிருந்து அட்டையை எடுத்து வந்தாள். பாதிக்குமேல் மாத்திரை அப்படியே இருந்தது. பெண் எண்ணினாள், கோபித்துக்கொள்ளவில்லை. கிழவிதான் தானாகவே சொன்னாள்: தலை சுற்றுகிற அன்றைக்குத்தான் போடுகிறாளாம். நன்றாக இருக்கிற அன்றைக்கு மருந்தை எதற்கு வீணாக்க வேண்டும்? அது போக, எதிர் வீட்டுக்காரிக்கும் தலைவலி என்றாள், அவளுக்கு நாலு கொடுத்தாளாம். பெண் சிரித்துக்கொண்டே, "அப்புறம் ஏன் ஆயா தெனம் போடுறேன்னு பொய் சொன்னே?" என்று கேட்டாள்.

"நீதான கேக்க வர்றே. நீயும் வரலைன்னா நான் யாருகிட்ட பொய் சொல்றது?"

பெண் கிழவியின் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள், எழுதிக்கொண்டாள், எழுந்து எதிர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். அந்த எதிர் வீட்டுக்காரி ஆஸ்பத்திரி வரிசையில் என்றைக்கும் வந்து நின்றிருக்க மாட்டாள். டாக்டருக்கு அவள் இருப்பதே தெரிந்திருக்காது.

இந்த உரையாடலில் வைத்திய சாஸ்திரம் கொஞ்சம்தான் இருக்கிறது. ஆனால் நான் கேட்ட கேள்விக்கு விடை முழுவதும் இதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், அழைக்காமல் போனவர்களின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதில் புண்ணியமும் இருக்கிறது, பாவமும் இருக்கிறது.

முதலில் தொழுநோய். செங்கல்பட்டு, ஆற்காடு மாவட்டங்கள் இந்த நோய் மிகுந்திருந்த பகுதிகள். 1955-ல் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. டாப்சோன் என்ற மாத்திரை அப்போது கையில் இருந்தது. நோயாளிதான் கையில் அகப்படவில்லை. தொழுநோய் என்று தெரிந்தால் வீட்டை விட்டே விரட்டுகிற ஊரில் யார் தானாக ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்? ஆகவே சில மாதப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போனார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லித் தேமல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். தேமலைப் பஞ்சால் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார்கள். முழங்கையில் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். பிறர் தொடக் கூசிய உடம்பை அழைக்காமலே போய்த் தொட்டவர்கள் அவர்கள்.

அதிலும் ஒரு தர்மசங்கடம் இருந்தது. அந்த சைக்கிள் ஒரு வீட்டு வாசலில் நின்றால் போதும், அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது. நல்லது செய்ய வந்த காலடியே ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிடும். நோயாளி வீடு மட்டும் என்றில்லாமல் எல்லா வீட்டையும் பார்ப்பது, எல்லாப் பள்ளிப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திப் பார்ப்பது என்ற முறைக்குக் கணக்குக் காரணம் உண்டு. ஒருவரும் விட்டுப் போகக் கூடாது என்பது. ஆனால் அதில் ஒரு நாகரிகமும் இருந்தது. எல்லார் வாசலிலும் சைக்கிள் நிற்கிற ஊரில் யார் வாசலிலும் அது அவமானம் ஆகாது. 1980-களில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிற சிகிச்சை வந்தது. 2005-ன் முடிவில் இந்தியா, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்த கணக்கில், பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற நிலையை எட்டியது. மருந்தைக் கண்டுபிடித்தவர்களுக்குப் பெருமை உண்டு; அதை ஒவ்வொரு வாசலுக்கும் கொண்டுபோன சைக்கிளுக்கும் அதில் பங்கு உண்டு.

இரண்டாவது காசநோய். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக் கணக்காகப் படுத்திருக்க வேண்டும், நல்ல காற்றும் முட்டையும் பாலும் வேண்டும் என்று உலகமே நம்பிய காலம் அது. நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதியைச் சென்னையின் நெரிசலான வீடுகளிலேயே விட்டு, மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். உலகத்தின் காசநோய் வைத்தியத்தையே மாற்றிய முடிவு அது.

அந்த வீடுகளுக்குள் முன்னறிவிப்பு இல்லாமல் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தவர்களும், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று அறிய சிறுநீர் வாங்கிச் சோதித்தவர்களும் உண்டு. இது நோயாளியை நம்பாததுதானே என்று கேட்கலாம். நம்பாததுதான். ஆனால் நம்பாமல் கைவிடுவது ஒன்று. நம்பாமல் மறுபடியும் வந்து பார்ப்பது வேறு. அம்மா பிள்ளையிடம் "பல் தேய்த்தாயா?" என்று கேட்டுவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்ப்பதும் நம்பாததுதான்.

மூன்றாவது விஷயம் பெருமைப்படத் தக்கதல்ல. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்கச் சொல்லி, வருஷத்துக்கு இத்தனை பேர் என்று இலக்குப் போட்ட காலம் ஒன்று இருந்தது. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையின்போது அது வட இந்தியாவில் எவ்வளவு கொடுமையாக நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நெருக்கடி நிலை போன பிறகும் இலக்கு போகவில்லை. நாடு முழுவதும் அதைக் கைவிட்டது 1996-ல்தான். இலக்கு இருந்த காலத்தில், கர்ப்பிணியை விசாரிக்க வந்த அதே நர்ஸ், கணக்குக் குறைந்தால் மேலதிகாரியிடம் பேச்சுக் கேட்க வேண்டியவளாகவும் இருந்தாள். வாசலில் நிற்பவள் தன் உடம்பைப் பற்றி விசாரிக்க வந்தாளா, கணக்கை நிரப்ப வந்தாளா என்ற சந்தேகம் ஒரு பெண்ணுக்கு வந்துவிட்டால், அப்புறம் அவள் கொல்லைப்புறமாகத்தான் போவாள்.

கதவைத் தட்டுவது மூன்றிலும் ஒன்றுதான். நோக்கமும் மூன்றிலும் நல்லது என்றே சொல்லிக்கொண்டார்கள். பின் எதைக் கொண்டு வேறுபடுத்துவது? திரும்பி வருவதைக் கொண்டுதான் என்பது என் அபிப்பிராயம். இலக்குக்காக வருகிறவர் காரியம் முடிந்ததும் அந்த வாசலை மறந்துவிடுவார். அவருக்கு அடுத்த பெயர் வேண்டும். மனிதருக்காக வருகிறவர் மறுபடியும் வருவார்; நேற்றுச் சொன்ன பொய்யை இன்றைக்குக் கேட்டுச் சிரிப்பார். அழைக்காத வீட்டுக்குள் நுழையும் உரிமையை எந்தச் சர்க்கார் உத்தரவும் கொடுத்துவிட முடியாது. முதல் தடவை அந்த உரிமை யாருக்குமே கிடையாது. திரும்பத் திரும்ப வந்துதான் அதைச் சம்பாதிக்க வேண்டும். கிழவி சொன்னதன் பொருளும் இதுதான். பொய் சொல்வதற்காவது ஒரு மனுஷி வேண்டும். அந்த மனுஷி தவறாமல் வர வேண்டும். அப்படி வருகிறவளிடம் ஒருநாள் உண்மையும் வெளிவந்துவிடும்.

"இவர்கள் அரைகுறை டாக்டர்கள்தானே, முழு டாக்டரை அனுப்பினால் என்ன?" என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று நாம் கேலியாகச் சொல்கிற பழமொழி, ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன் என்றுதான் முதலில் இருந்தது என்பார்கள். வேரைக் கண்டவனுக்கு அரைப் பட்டமாவது கொடுத்தார்கள்; ஆயிரம் வாசலைக் கண்டவருக்கு என்ன பட்டம் கொடுப்பது? வேலூர் மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே என்ற டாக்டர் தம்பதி 1970-ல் மகாராஷ்டிரத்து ஜாம்கேடுக்குப் போனார்கள். பஞ்சமும் வறட்சியும் நிறைந்த ஊர். அங்கே அவர்கள் பயிற்சி கொடுத்தது பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கு. அந்தப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள், குழந்தைகளை எடை போட்டார்கள், சுத்தமான தண்ணீர் ஏன் வேண்டும் என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொன்னார்கள். டாக்டர் சொன்னால் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மறந்துவிடுகிற பெண், பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் எதிர்த்துச் சண்டை போடுவாள். சண்டை போட்டபின் கேட்பாள். அந்தச் சண்டைக்கு டாக்டரால் போக முடியாது.

மரக்காணத்து உப்பளங்களுக்கு வாருங்கள். பெருமுக்கல்லிலிருந்து கிழக்கே போகப் போக வயல் குறைந்து, வானம் கீழே இறங்கியதுபோல வெள்ளையாகப் பாத்திகள் தெரியும். மேலே வெயில், கீழே உப்பிலிருந்து கண்ணைக் கூசவைக்கும் வெயில். வாசலுக்குப் போகிறவருக்கு இங்கே முதல் பிரச்சினை நேரம். வெயில் ஏறுமுன் வேலை நடக்க வேண்டும் என்பதால் விடியுமுன்பே ஆட்கள் பாத்திக்குப் போய்விடுவார்கள். ஆபீஸ் நேரப்படி பத்து மணிக்கு வருகிற நர்ஸுக்குப் பூட்டிய கதவுதான் கிடைக்கும். ஆகவே தொழிலாளியின் நேரம் நர்ஸின் நேரமாக வேண்டும்.

இரண்டாவது பிரச்சினை இன்னும் ஆழமானது. "நிறையத் தண்ணீர் குடி" என்று உப்பளத்துப் பெண்ணிடம் சொல்வது சுலபம். வெட்டவெளியில் மறைவு என்று ஒரு செடிகூட இல்லாத இடத்தில் நாள் முழுவதும் நிற்கிறவள், ஒதுங்க இடம் இல்லை என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள். தமிழ்நாட்டு உப்பளங்களில் ஆராய்ச்சி செய்த சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார், கடும் வெப்பத்தில் போதிய நீரில்லாமல் உழைக்கிறவர்களில் சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இந்த உண்மை ரத்தச் சோதனைச் சீட்டில் ஒரு எண்ணாக வரும். கூடவே நடந்து பாத்திவரை போகிற நர்ஸுக்கோ அது கழிவறை இல்லாத ஒரு வரப்பாகத் தெரியும். மருந்துச் சீட்டு எழுத அவளுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் இந்த வியாதிக்கு மருந்து கழிவறையும் நிழலும்தான் என்று சொல்லக்கூடிய இடத்தில் நிற்கிறவள் அவள்தான். அவள் சொல்வதைக் கேட்க மேலே ஒரு காது இல்லையென்றால், அவளை அனுப்பியதில் பாதிப் பயன் போய்விடுகிறது.

இவர்களால் என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். தமிழ்நாட்டில் சுமார் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதார நர்ஸ் என்பது கணக்கு. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்குமேல் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. 2018-20 கணக்கில், ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால் இங்கே இறந்த தாய்மார் 54 பேர். இந்தியா முழுமைக்கும் 97. நல்ல சாலை, ஆம்புலன்ஸ், டாக்டர், பெண் கல்வி எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால், அந்தப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்பதை மூன்றாம் மாதத்திலேயே தெரிந்துகொண்டு எழுதி வைத்தது ஆம்புலன்ஸ் அல்ல.

சாகாமல் போன அந்தத் தாய்மார்களுக்குத் தாங்கள் சாகாமல் போனது தெரியாது. அதனால் நன்றி சொல்லவும் மாட்டார்கள். இந்த வேலையின் விதி அது. வேலை எவ்வளவு நன்றாக நடக்கிறதோ, அவ்வளவுக்கு அது கண்ணுக்குத் தெரியாமல் போகும். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு நாம் கூலியைக் குறைத்துக் கொடுக்கிறோம். குறைந்த கூலியை மறைக்க 'தொண்டு' என்று அழகான பெயர் வைக்கிறோம்.

2005-ல் தொடங்கிய திட்டத்தின் கீழ் நாடெங்கும் சுமார் பத்து லட்சம் ஆஷா பெண்கள் உழைக்கிறார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் அவர்களைக் கௌரவித்தது, நாமெல்லாம் பெருமைப்பட்டோம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' 2024-ல் ஐக்கிய நாடுகளின் விருதைப் பெற்றது. நல்ல திட்டம், தகுதியான விருது. அதிலும் எனக்குப் பெருமைதான். ஆனால் ஆஷாவுக்கும் சரி, இந்தத் திட்டத்தின் பெண்களுக்கும் சரி, கிடைத்த பெயர் 'தன்னார்வலர்'. கிடைத்தது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. இங்கே தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய். தன் ஆர்வத்தால் வருகிறவள் என்று சொல்லிவிட்டால், வயிற்றுக்காக வருகிறவள் என்ற உண்மையை நாம் பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

"சம்பளம் கொடுத்தால் சேவை மனப்பான்மை போய்விடும்" என்று கூசாமல் சொல்கிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். டாக்டருக்குச் சம்பளம் கொடுத்ததால் அவருடைய சேவை மனப்பான்மை போய்விட்டதா என்று அவர்கள் யோசிப்பதில்லை. ஏழைப் பெண்ணின் தியாகத்தை மட்டும் எல்லோரும் வெகு சுலபமாகப் புகழ்ந்துவிடுகிறோம்.

அழைக்காத வீட்டுக்குள் நுழையும் உரிமை திரும்பி வருவதால்தான் கிடைக்கும் என்றேன். அப்படியானால், திரும்பி வர முடியாதபடி அவளை வைத்திருப்பது யார் குற்றம்? ஒருத்தி தலையில் இருவருக்குரிய பகுதியை ஏற்றி, மாலைப் பொழுதைப் பதிவேடும் செல்போனும் தின்னும்படி விட்டு, பஸ் காசும் கட்டாத தொகையைக் கொடுத்தால், அவள் எத்தனை தடவை அதே வாசலுக்கு வருவாள்? வராமல் போனால் அவளைச் சோம்பேறி என்போம். வந்து அவசரத்தில் கணக்கை மட்டும் நிரப்பிக்கொண்டு போனால், பழைய இலக்குக் காலத்தை நாமே மறுபடி கொண்டுவந்தவர்கள் ஆவோம். அவளுடைய ஒழுக்கத்தைக் கேள்வி கேட்கும் முன், அந்த ஒழுக்கத்தோடு அவள் நடந்துகொள்ள வழி விட்டிருக்கிறோமா என்று நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் நகரங்களில், காவல்காரர் வைத்த குடியிருப்புகளில் இருக்கிறீர்கள். பிரஷருக்கு உங்கள் சொந்த டாக்டர் இருப்பார். இருந்தாலும் ஒருநாள் பகலில், தூக்க வேளையில், உங்கள் வீட்டு மணியும் ஒலிக்கும். வெயிலில் வந்த ஒருத்தி, கையில் பதிவேட்டோடு, "வீட்டில் எத்தனை பேர், யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்பாள். கதவுச் சங்கிலியை விலக்காமலே "எல்லோரும் நன்றாக இருக்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிடுவது வழக்கம். கதவை முழுக்கத் திறங்கள். ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். மாதம் என்ன கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவள் கூசுவாள். அந்தக் கூச்சம் நம்முடையது. அதை அவள் முகத்தில் வைத்துவிட்டு நாம் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது.